பசடேனாவில் ஐந்து நாள்: ரோஸ் பவுல் பயணக் குறிப்புகள்

நாள் 1: டிசம்பர் 29, 2025, திங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் கார் எடுக்காதீர்கள். வேறு எந்தப் பயணத்துக்கும் இந்த ஊரில் கார் வேண்டும். ஜனவரி 1 அன்று நடக்கும் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு மட்டும் அது பாரம். டிசம்பர் 31 இரவு 10 மணிக்குப் பசடேனாவின் முதன்மைச் சாலையான கொலராடோ பூல்வார்டை மூடினால் மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் கார் ஒரே இடத்தில் நிற்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து ஃப்ளைஅவே பேருந்து நேராக யூனியன் ஸ்டேஷன் போகிறது. அங்கிருந்து மெட்ரோ ஏ லைன், வடக்கே போகும் வண்டி. கட்டணம் 1.75 டாலர், டாப் கார்டு என்ற பயண அட்டையில் பணம் ஏற்றி உள்ளே நுழையும்போது தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்கு மாற்றுப் பயணம் இலவசம். பசடேனாவுக்குள் ஃபில்மோர், டெல் மார், மெமோரியல் பார்க், லேக், ஆலன், சியரா மாட்ரே வில்லா என்று வரிசையாக நிறுத்தங்கள். நம் வேலைக்கு முக்கியமானது மெமோரியல் பார்க். பழைய பசடேனா கடைவீதி, புத்தாண்டுக் காலைப் பூ வண்டி அணிவகுப்பின் பாதை, மைதானத்துக்குப் போகும் ஷட்டில் பேருந்து மூன்றும் அங்கிருந்து நடக்கிற தூரம்.

இந்த வாரத்தில் பசடேனா ஓட்டல்களின் விலை பல மடங்கு ஏறிவிடும், குறைந்தது இத்தனை இரவு என்று கட்டாயமும் வைப்பார்கள். அதே ஏ லைனில் கிழக்கே ஆர்கேடியா, மன்ரோவியா, டுவார்ட்டே பக்கம் தங்கினால் செலவு குறையும். ரயிலில் அரைமணிக்குள் வந்துவிடலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அறையிலிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரமா? புத்தாண்டு விடிகாலையில் வாடகை வண்டியை நம்பினால் அணிவகுப்பு போய்விடும்.

இனி, இத்தனை சிரமப்பட்டு எதற்கு வருகிறோம் என்பது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமான பருவம் முடிந்தபின் நடக்கும் ஆட்டங்களுக்கு 'பவுல்' என்று பெயர். அவற்றில் மூத்தது ரோஸ் பவுல். ஆனால் ஆட்டத்துக்கும் முந்தியது அணிவகுப்பு. கிழக்குக் கரை பனியில் விறைத்திருக்கும்போது இங்கே ரோஜா பூக்கிறது என்று ஊருக்கே காட்ட, வேலி ஹன்ட் கிளப் என்ற சங்கம் 1890 ஜனவரி 1 அன்று பூ அலங்கார வண்டிகளை ஓட்டியது. அந்த விழாவுக்குத் துணையாக 1902-ல் ஃபுட்பால் சேர்ந்தது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. நேரம் முடிய 8 நிமிடம் இருக்கும்போதே போதும் என்று ஸ்டான்ஃபோர்ட் கைவிட்டது. விழாக் குழுவும் ஃபுட்பாலைக் கைவிட்டு, ரோமானிய பாணி ரதப் போட்டி, தீக்கோழி ஓட்டம் என்று மாற்றிப் பார்த்தது. யானைக்கும் ஒட்டகத்துக்கும்கூட ஓட்டம் வைத்தார்கள், யானைதான் ஜெயித்தது. 1916-ல் ஃபுட்பால் திரும்பி வந்தது, அதன்பின் போகவில்லை.

அந்த 1916 ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட் அணியிடம் 14-0 என்று தோற்ற பிரவுன் அணியில் இருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஃப்ரிட்ஸ் பொலார்ட், இந்த ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரர். இன்னொருவர் வாலஸ் வேட். வேடின் பெயர் இந்தக் குறிப்புகளில் மறுபடி வரும்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் ஒரு வசதி: நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தை இன்றே பார்த்துவிடலாம். செவ்வாய், புதன் அதற்கு விடுமுறை, புத்தாண்டன்றும் மூடல். ஆரஞ்ச் குரோவும் கொலராடோவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அணிவகுப்பைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் பிடிக்கும் மூலையும் அதுவே. கீழ்த்தளத்தில் சோழர் செப்புத்திருமேனிகள் இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை 1970-களின் தொடக்கத்தில் வாங்கியவர் இதே நார்ட்டன் சைமன்தான். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது, 1976-ல் உடன்பாடு ஏற்பட்டது, பத்தாண்டு இங்கே வைத்திருந்து 1986-ல் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபுட்பாலுக்காக வந்த தமிழர் இந்த ஒரு மணி நேரத்தை விடக்கூடாது.

நாள் 2: டிசம்பர் 30, செவ்வாய்

இன்று மைதானம். ஆட்டத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்று கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், இடத்தின் வடிவம் கண்ணில் படாது.

மெமோரியல் பார்க்கிலிருந்து சுமார் 2 மைல் நடை. ஆரஞ்ச் குரோவில் வடக்கே போய் ரோஸ்மான்ட் அவென்யூவில் திரும்பினால் சாலை சரிந்து இறங்கும். இறங்கும் இடம் அரோயோ செக்கோ. ஸ்பானிய மொழியில் வறண்ட ஓடை. நம் ஊர்க் காட்டாறு மாதிரி, மழைக்காலம் தவிர மணலும் கல்லுமாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு. மைரன் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் 1922-ல் அந்தப் பள்ளத்தில் மைதானத்தைக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும், ஏனென்றால் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. விளிம்புக்கு விளிம்பு வடக்கு தெற்காக 880 அடி, கிழக்கு மேற்காக 695 அடி. முதலில் தெற்கு முனை திறந்த குதிரைலாட வடிவம். 1928-ல் அதையும் மூடியபின் முழுக் கிண்ணமானது. கிண்ண வடிவத்துக்கு முன்மாதிரி யேல் பல்கலைக்கழகத்தின் யேல் பவுல். மைதானத்தின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு ஆரஞ்ச், சுகர், காட்டன் என்று எங்கே ஆட்டம் வைத்தாலும் பவுல் என்றே பெயரிட்டார்கள்.

தெற்கு வாசலில் சிவப்பு ரோஜாவோடு எழுத்துப் பலகை. படம் எடுக்க இன்றுதான் நாள். நாளை மறுநாள் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஜாக்கி ராபின்சன் சிலை. பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்தவர் என்றே உலகம் அறியும், ஆனால் சிலையில் இருப்பது ஃபுட்பால் உடை. பசடேனாவில் வளர்ந்து, பசடேனா ஜூனியர் கல்லூரிக்கும் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவுக்கும் ஃபுட்பால் ஆடியவர் அவர். 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் பெனால்டி அடித்து மண்டியிட்ட பிராண்டி சாஸ்டெய்னுக்கும் சிலை உண்டு. அந்த இறுதி ஆட்டமும், 1994 ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பை இறுதியும் இதே புல்லில்தான் நடந்தன.

மைதானத்தையும் கால்ஃப் திடலையும் சுற்றி சுமார் 3 மைல் நடைபாதை இருக்கிறது. ஊர்க்காரர்கள் தினம் நடக்கும் பாதை. ஒருமுறை சுற்றினால் எந்த வாசல் எங்கே, நடந்து வெளியேற எந்த ஏற்றம் குறுக்கு என்று மனதில் பதியும். கார் நிறுத்துமிடம் என்று சீட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கால்ஃப் புல்தான். காய்ந்திருந்தால் அருமை, ஈரமானால் சக்கரம் புதையும். புத்தாண்டுக்கு மழை என்கிறது முன்னறிவிப்பு.

வடக்கே தெரிவது சான் கேப்ரியல் மலை. 2025 ஜனவரி 7 அன்று ஈட்டன் தீ அதன் அடிவாரத்தில் பற்றி, பக்கத்து ஊரான ஆல்டடீனாவின் பெரும்பகுதியை எரித்தது. அப்போது தீயணைப்புப் படையினருக்குத் தளமாக இருந்தது இந்த மைதான வளாகம். சுற்றி நடப்பவர்களில் அந்தத் தீயில் வீடிழந்தவர்கள் இருப்பார்கள். மலையைக் காட்டிப் படம் எடுக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

இருக்கை பற்றி. சீட்டு வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது வரிசை எண். பழைய கிண்ணம், படிச்சரிவு குறைவு. பணம் அதிகம் கொடுத்து முதல் பத்து வரிசைக்குள் வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாறுவார்கள். பக்கக் கோட்டில் நிற்கும் வீரர்களின் முதுகும் தலைக்கவசமும்தான் தெரியும், எதிர்ப் பக்கத்து ஆட்டம் மறையும். 25-லிருந்து 50-வது வரிசை வரை சரியான உயரம். இரண்டாவது, திசை. பத்திரிகையாளர் மாடம் மேற்கில் இருக்கிறது. சூரியன் அதன் பின்னால் இறங்கும். எனவே மேற்கு இருக்கைகளுக்கு நிழல் முதலில் வரும், கிழக்கில் உட்கார்ந்தவர்கள் மதியம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். வெயில் நாளில் கிழக்கு என்றால் தொப்பி கட்டாயம். மூன்றாவது, மலை. தெற்கு வளைவிலிருந்து பார்த்தால் மலை நேர் எதிரே நிற்கும். கோடுகளின் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாது, ஆனால் விலை குறைவு, காட்சி முழுமை. முதல்முறை வருபவருக்கு என் பரிந்துரை தெற்கு வளைவின் மேல்பாதி.

ஆட்ட விதி தெரியாமல் வருபவர்களுக்கு ஒரு பத்தி. திடல் 100 யார்டு (கஜம்). பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 1. தூரத்திலிருந்து உதைத்து நுழைத்தால் 3. பந்து வைத்திருப்பவரைச் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கினால் எதிரணிக்கு 2. இதற்கு சேஃப்டி என்று பெயர்.

இந்த 2 புள்ளியின் மதிப்பை 1929 ஆட்டத்தைவிட நன்றாக எதுவும் விளக்காது. ஜார்ஜியா டெக் அணி தவறவிட்ட பந்தைக் கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ் எடுத்தார். சரியான எல்லைக்கு 30 யார்டுதான் இருந்தது. அடிக்க வந்தவரிடமிருந்து தப்பிக்கச் சுழன்றார், சுழன்றதில் திசை மாறிவிட்டது. தன் எல்லையை நோக்கியே 65 யார்டு ஓடினார். சக வீரர் பென்னி லாம் கத்திக்கொண்டே துரத்தி, எல்லைக்குச் சற்று முன்னால் பிடித்து நிறுத்தினார். திரும்ப முயல்வதற்குள் எதிரணி வந்து விழுந்தது. ஆபத்தான இடம் என்பதால் அடுத்த முயற்சியிலேயே பந்தை உதைத்துத் தள்ளப் பார்த்தார்கள். உதையை மறித்துவிட்டார்கள், சேஃப்டி. கடைசியில் ஜார்ஜியா டெக் 8, கலிஃபோர்னியா 7. இடைவேளையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த ரீகல்ஸ் இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கி, எதிரணியின் உதை ஒன்றைத் தானே மறித்தார். தவறான பக்கம் ஓடியவர் என்று மட்டும் அவரைச் சொல்வது நியாயமில்லை.

நாள் 3: டிசம்பர் 31, புதன்

பகல் முழுக்க மிதவை வண்டிகள். பூ வண்டிகளை இங்கே ஃப்ளோட் என்கிறார்கள். விதி கடுமையானது: வெளியே தெரியும் ஒவ்வோர் அங்குலமும் பூ, இலை, விதை, பட்டை போன்ற இயற்கைப் பொருளால் மூடப்பட வேண்டும். சாயம் பூசிய தகடு ஓரத்தில் எட்டிப் பார்த்தாலும் குறைதான்.

கட்டும் முறை இது. வண்டிச் சட்டத்தின்மேல் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து உருவம் செய்வார்கள். அதன்மேல் கம்பி வலை. வலைமேல் பிளாஸ்டிக் கரைசலைத் தெளித்தால் தோல் மாதிரி இறுகும். அந்தத் தோலில் எந்தப் பகுதிக்கு என்ன பொருள் என்பதற்கேற்ப நிறம் தீட்டிவிடுவார்கள். டிசம்பரில் முதலில் ஏறுவது காய்ந்த பொருட்கள்: அரைத்த அரிசி, காப்பித்தூள், வெங்காய விதை, கசகசா, பட்டைத்தூள், தேங்காய்த் துருவல். பசை தடவி, தூவி, அழுத்த வேண்டும். பசை அதிகமானால் விதை வழுக்கி இறங்கும், குறைந்தால் வண்டி குலுங்கும்போது உதிரும். கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் பச்சைப் பூ. ஒவ்வொரு ரோஜாவின் காம்பையும் சரிவாக வெட்டி, ரப்பர் மூடி போட்ட சிறு தண்ணீர்க் குப்பிக்குள் செருகி, குப்பியை நுரைப் பலகையில் குத்துவார்கள். முன்பே ஏற்றினால் வாடும், தாமதித்தால் நடுவர்கள் வரும்போது இடைவெளி தெரியும்.

இந்த வேலைக்குத் தன்னார்வலர்களை எடுக்கிறார்கள், 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்பதிவு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். கொட்டகைகளில் குளிர் அடிக்கும், பசை துணியை விட்டுப் போகாது, எனவே பழைய சட்டை இரண்டு மூன்று அடுக்காக. பெரும்பாலான வண்டிகளை அர்விண்டேல் பக்கத்து நிறுவனங்கள் கட்டுகின்றன. என் மனது போவது சொந்தமாகக் கட்டுபவர்கள் பக்கம். கால் பாலி பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாக மாணவர்கள் 1949 முதல் ஆளுக்குப் பாதி வண்டி செய்து, போமோனாவில் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். தெற்குப் பசடேனா, பர்பேங்க், சியரா மாட்ரே ஊர்க்காரர்களும் அப்படியே. அடுத்தமுறை வண்டி பார்க்கும்போது கண்ணிமை, விரல் நகம், மீன் செதில் போன்ற சிறு இடங்களைப் பாருங்கள். கைவேலை அங்கேதான் தெரியும்.

மதியம் 12 மணிக்கு நடைபாதையில் இடம் பிடிக்கலாம், அதற்கு முன் கூடாது. போர்வை, தூக்கப் பை, மடக்கு நாற்காலி சரி. கூடாரம், சோபா, கயிறு கட்டி வளைத்தல் கூடாது. சிறு அடுப்பு வைக்கலாம்: கடையில் வாங்கியதாக, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு 11 மணிக்கு நடைபாதை விளிம்பிலிருந்து சாலையில் போட்டிருக்கும் நீலக்கோடு வரை நகர அனுமதி. அந்தக் கணத்தில் ஆள் இல்லாத நாற்காலிக்கு மதிப்பில்லை, அதனால் 11 மணிக்கு உங்கள் குழுவில் யாராவது விழித்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுடன் பெரியவர் ஒருவர் கட்டாயம். சாலை மூடும்வரை ஓடும் கார்கள்மேல் டார்ட்டியா ரொட்டியும் மார்ஷ்மெல்லோவும் வீசுவது ஊர்ப் பழக்கம். நகராட்சி தடை செய்திருக்கிறது.

எந்த இடம் என்பதுதான் இவ்வாண்டு புதிய கேள்வி. பாதை 5.5 மைல், வேகம் மணிக்கு 2.5 மைல். கிரீன் தெருமுனையில் 8 மணிக்குக் கிளம்பும் முதல் வண்டி கிழக்குக் கோடியைத் தொட 10 மணி தாண்டும். ஊர்வலம் ஓரிடத்தைக் கடக்க 2 மணி நேரம். கோடியில் உட்கார்ந்தால் முடியும்போது 12 மணிக்கு மேல். ஆட்டம் இதுவரை 2 மணிக்குத் தொடங்கியது, சமாளிக்கலாம். 2026 முதல் 1 மணி, சமாளிக்க முடியாது. இரண்டும் பார்ப்பவர்கள் லேக் அவென்யூவுக்கு மேற்கே இடம் பிடியுங்கள், 10:45-க்குள் கடைசி வண்டி போய்விடும். மெமோரியல் பார்க்கும் அருகில்.

நாள் 4: ஜனவரி 1, 2026, வியாழன்

மழை. அணிவகுப்பில் மழை பெய்தது 2006-க்குப் பிறகு இதுவே முதல்முறை. 2006-க்கு முன்னால் 1955. இருபது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கு யாரும் தயாராக இருப்பதில்லை. அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்தவர்கள் விடிகாலையில் கூழில் எழுந்தார்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவர் எதையும் பார்க்க முடியாது. தலையோடு மூடும் பிளாஸ்டிக் மழைக்கோட்டே சரி. மைதானத்துக்குள் குடைக்கு அனுமதி இல்லை என்பதால் அந்தக் கோட்டே மாலை வரை உதவும். உறையிட்ட ஒரு ஜோடி காலுறையும் இருக்கைத் துடைக்க ஒரு துண்டும் இன்றைக்குப் பொன்.

வண்டிகள் மழையில் கரைந்துவிடாது. பூ மழைக்கு அஞ்சாது. அஞ்சுவது தூள் ஒட்டிய பகுதிகள். நெரிசலில் வண்டி நிற்கும், நகரும். மெல்ல ஓடும் எஞ்சினுக்கு அதுதான் சிரமம். ஓட்டுநர் உருவத்தின் வயிற்றுக்குள் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார், வெளியே பார்ப்பவர் சொல்லச் சொல்ல ஓட்டுகிறார். எது நின்றாலும் இழுவை வண்டி வந்து கொக்கி மாட்டும், ஊர்வலம் தொடரும். ஆரஞ்ச் குரோவிலிருந்து கொலராடோவுக்குத் திரும்பும் வளைவில்தான் நீளமான வண்டிகள் திணறும். உயரமானவை பாதையின் கோடியில் 210 நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் போவதற்காகத் தலையை மடக்கிக்கொள்ளும். மடக்குவதைப் பார்க்கவே அங்கே உட்காருபவர்கள் உண்டு. இவ்வாண்டுக் கருப்பொருள் கூட்டு முயற்சியின் மாயம், தலைமை விருந்தினர் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன். வெள்ளை உடுப்பில் நனைந்தபடி வழி ஒழுங்கு செய்தவர்கள் விழாக் குழுவின் தன்னார்வலர்கள்.

அடுத்து மைதானம். மெமோரியல் பார்க்கை ஒட்டிய வால்நட் தெருவிலிருந்து ஷட்டில் ஓடுகிறது. வரிசை நீண்டால் தயங்காமல் நடங்கள். போகும்போது இறக்கம், முக்கால் மணி நேரம். பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக, 12 அங்குலத்துக்கு 12, தடிமன் 6-க்குள் இருக்க வேண்டும். முதுகுப்பையோடு வந்து வாசலில் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். சீட்டு கைப்பேசியில்தான். பள்ளத்தாக்கில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் அலைவரிசையைப் பிடித்தால் சீட்டு திறக்காது, எனவே காலையிலேயே கைப்பேசியின் வாலட் செயலியில் இறக்கி வையுங்கள். உள்ளே சைவத்துக்கு நாச்சோஸ், பிரெட்ஸல், பீன்ஸ் வைத்தது ஏதாவது. வயிறாரச் சாப்பிட வேண்டுமானால் பழைய பசடேனாவிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுரங்க வழி. நடு வரிசைகளில் போய்த் திறக்கும். இருட்டிலிருந்து பச்சைக்குள் வெளிப்படும் அந்த ஐந்தாறு அடிதான் இந்த மைதானத்தின் உயிர். நடுப்புல்லில் வரைந்த ரோஜா, இரு முனைகளில் இரு அணிகளின் பெயர், எதிரே கிண்ணத்தின் மறுவிளிம்பு வரை ஆட்கள். ஆனால் அதே சுரங்கம் இடைவேளையில் அடைத்துக்கொள்ளும். 1922-ல் கட்டியது, இன்றைய கூட்டத்துக்குப் போதாது. இரண்டாம் கால்பகுதி முடிய 4 நிமிடம் இருக்கும்போதே எழுந்துபோய்த் திரும்புங்கள். இடைவேளை வாத்தியக் குழுக்களுக்கு உரியது, அதைத் தவறவிடக் கூடாது.

இன்று மோதியவை இந்தியானாவும் அலபாமாவும். இருவர் நிறமும் கருஞ்சிவப்பு; யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைச் சட்டையிலுள்ள எழுத்தைப் படித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இந்தியானா இதற்குமுன் ஒரே ஒருமுறை, 1968-ல் இங்கே வந்து தெற்குக் கலிஃபோர்னியாவிடம் 14-3 என்று தோற்றது. அலபாமாவுக்கோ இன்று நூற்றாண்டு. 1926 ஜனவரி 1 அன்று வாஷிங்டனிடம் இடைவேளையில் 12-0 என்று பின்தங்கி, மூன்றாம் கால்பகுதியில் மட்டும் 20 எடுத்து 20-19 என்று ஜெயித்தார்கள். தென்மாநில ஃபுட்பாலை நாடு மதிக்கத் தொடங்கியது அன்றுதான். பயிற்சியாளர், பத்தாண்டு முன்பு பிரவுனுக்கு ஆடித் தோற்ற அதே வாலஸ் வேட். பிறகு அவர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடாது என்றதும் 1942 ஆட்டம் வட கரோலினாவில் அவருடைய டியூக் மைதானத்துக்கே மாறியது. ஆரெகன் ஸ்டேட் 20, டியூக் 16. அந்த மைதானம் இன்று வேடின் பெயரில் நிற்கிறது. அதன்பின் ஆட்டம் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போனது 2021 பெருந்தொற்று ஆண்டில் மட்டும்.

இன்றைய முடிவு இந்தியானா 38, அலபாமா 3. சமநிலை இல்லாத ஆட்டம். ஆனால் 58 ஆண்டு காத்திருந்த ஓர் அணியின் ஆட்களுக்கு 35 புள்ளி இடைவெளி அலுக்காது; கடைசி விநாடிவரை ஒருவரும் இருக்கையை விடவில்லை. நெருக்கமான ஆட்டம் என்றால் 2006-ஐத் தேடிப் பாருங்கள்: டெக்சஸ் 41, தெற்குக் கலிஃபோர்னியா 38. 19 விநாடி மிச்சம், நான்காவது முயற்சி, 5 யார்டு வேண்டும், வின்ஸ் யங் 8 யார்டு ஓடி மூலையில் நுழைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1 மணித் தொடக்கம் எனக்கு ஏற்கவில்லை. ஜனவரி 1 அன்று இங்கே சூரியன் மறைவது 4:54. 2 மணிக்குத் தொடங்கிய காலத்தில் ஆட்டம் சூடேறும் நேரமும் மலை இளஞ்சிவப்பாகும் நேரமும் ஒன்றாக வரும். மேற்கு விளிம்பின் நிழல் புல்லைக் கடந்து, கிழக்கு வரிசைகளில் ஏறி, கடைசியில் மலைமுகட்டில் மட்டும் ஒளி நிற்கும். 1 மணிக்குத் தொடங்கினால் அதற்குள் மக்கள் வெளியேறத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்து வரும் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரத்துக்குக் காட்ட வேண்டும் என்பதே காரணம். 1947 முதல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் அணியும் மேற்குக் கரை அணியும் மோதிய மரபும் இப்படித்தான் போனது. 2023-ல் பென் ஸ்டேட் 35-21 என்று யூட்டாவை வென்றதே அந்த வரிசையில் கடைசி. சாம்பியன்ஷிப் சுற்றின் காலிறுதியாகிவிட்டபின், 2025-ல் ஓஹாயோ ஸ்டேட்டும் ஆரெகனும் மோதியபோது இரண்டுமே பிக் டென் அணிகளாக இருந்தன. சுற்று இருக்கட்டும், மாலை வெளிச்சத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

வெளியேறுவது. சூரியன் போனதும் பள்ளத்தாக்கில் குளிர் சட்டென்று இறங்கும், மேலங்கி வேண்டும். ஷட்டில் வரிசை நீளும், கார்களுக்கு நாலைந்து சாலைதான் வழி. தெற்கு வாசலிலிருந்து ரோஸ்மான்ட் ஏற்றத்தில் நடந்தால் 50 நிமிடத்தில் ரயில் நிலையம். சிறு கைவிளக்கு உதவும்.

நாள் 5: ஜனவரி 2, வெள்ளி

காலையில் கொலராடோவில் இருக்கைத் தட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டிகள் சியரா மாட்ரே, வாஷிங்டன் பூல்வார்டு சந்திப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. கட்டணம் உண்டு, நேற்று மாலையும் இன்றும் மட்டும். சாலையில் இரண்டு நிமிடத்தில் கடந்துபோனதை இங்கே சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். காலை முதல் ஆளாகப் போங்கள், மதியம் நெரிசல். விதை ஒட்டிய இடங்களில் மழை செய்த வேலை அருகில் தெரிகிறது: தூள் வழிந்து கோடு விழுந்திருக்கிறது, ரோஜாக்கள் குப்பிக்குள் நிமிர்ந்தே நிற்கின்றன.

இந்தியானா ஜனவரி 9 அன்று அட்லான்டாவில் பீச் பவுலில் ஆரெகனைச் சந்திக்கிறது.

அடுத்த ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. நாளைப் பற்றி ஒரு விதி: ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் அணிவகுப்பும் ஆட்டமும் 2-ஆம் தேதிக்குப் போகும். 1893-லிருந்து இந்த வழக்கம். தேவாலய வாசல்களில் கட்டிய குதிரைகள் மிரளக்கூடாது என்று தொடங்கியது. அடுத்து அப்படி வருவது 2034. ஊரிலிருந்தே பார்ப்பவர்களுக்கு அணிவகுப்பு இந்திய நேரம் இரவு 9:30, ஆட்டம் பின்னிரவு 2:30. சீட்டு வாங்கப்போகிறவர்கள் இருக்கை எண்ணைப் பார்க்கும் முன் ஓட்டலைப் பிடியுங்கள், அதுவும் ஏ லைன் ஓரமாக.